ரோஸ்விதாவின் உதடு

ரோஸ்விதா எங்கள் ஊர்க்காரி இல்லை. லாயன்பாக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது, ஆனாலும் இல்லை. அவள் மேலே ஹுன்ஸ்ரூக் மேட்டில், உருளைக்கிழங்கு விளைகிற ஊரில் பிறந்தவள். மோசெல் ஆற்றங்கரையில் திராட்சைக்கொடிக்கு நடுவே பிறக்காத யாரையும் நாங்கள் செத்த பிறகுதான் ஊர்க்காரராக ஏற்றுக்கொள்வோம். அதுவும் வீட்டார் கல்லறைக்கு வாடகையை ஒழுங்காகக் கட்டி வந்தால்.

என் பெயர் ஆல்வின். லோதர் வீட்டுத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக முதுகுத்தொட்டி சுமக்கிறேன். பறிக்கிறவர்கள் தங்கள் வாளியை என் தோளுக்குப் பின்னால் கவிழ்ப்பார்கள். நான் அந்தச் சுமையோடு சிலேட்டுக்கல் சரிவில் இறங்கிக் கீழே நிற்கிற வண்டியில் கொட்டுவேன். ஆடு ஏறத் தயங்குகிற சரிவு அது, பெயரே ஆட்டுப்பாறை. அதில் நான் ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததில்லை. இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். இங்கேயும் சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஊரில் முதல் நாள் பறிக்க வருகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. இருக்கிற பழங்களிலேயே அசிங்கமானதைத் தேடி எடுத்து, தின்னச் சொல்லுவோம். சுருங்கி, பழுப்பேறி, மேலே சாம்பல் பூசணம் படிந்த பழம். பெரும்பாலானவர்கள் முகம் சுளிப்பார்கள், சிலர் ஓடிப்போய்த் துப்புவார்கள், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ரோஸ்விதா வந்த அன்றைக்கு அந்தப் பழத்தை நீட்டியவன் நான்தான். எனக்கும் அப்போது இருபது வயது, புத்தி அவ்வளவுதான்.

அவள் வாங்கி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னொண்ணு குடு," என்றாள்.

கொடுத்தேன். அதைக் கடித்த உடனே என் பூட்ஸ் மேல் துப்பினாள்.

"முதல்ல குடுத்தது தேன். இது வினிகர். ரெண்டையும் ஒரே வாளியிலயா போடுறீங்க? உங்களுக்கெல்லாம் பைத்தியமா?"

நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டு பழமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருந்தன. பக்கத்து வரிசையில் நின்ற லோதரின் அப்பா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அடுத்த வருஷமே பழம் பொறுக்குகிற வேலை முழுவதும் அவள் கைக்குப் போய்விட்டது.

பொறுக்குவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில இலையுதிர்காலங்களில் காலையில் மூடுபனியும் மத்தியானம் வெயிலும் மாறி மாறி வரும்போது, நல்ல பூசணம் பிடிக்கும். அது பழத்திலிருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு இனிப்பை விட்டுவைக்கும். அப்படிச் சுருங்கிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிந்தால்தான் அந்தத் தித்திப்பு ஒயின் வரும். ஆளுக்கு இரண்டு வாளி. பெரியது சாதாரணப் பழத்துக்கு. அதன் விளிம்பில் கம்பியில் தொங்குகிற சின்ன வாளி இதற்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்தால் சின்ன வாளி நிறையும், அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், மழை பட்டோ குளவி கொட்டியோ உடைந்த பழத்துக்குள் கெட்ட புளிப்பு ஏறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு கைப்பிடி உள்ளே போனால் மொத்த ஒயினும் சாலட்டில் ஊற்றத்தான் ஆகும்.

அதனால் எல்லோருடைய சின்ன வாளியும் ரோஸ்விதாவைத் தாண்டித்தான் போகும். ஒரு தடவை முகர்வாள், ஒரு பழம் வாயில் போடுவாள், தலையை ஆட்டுவாள். ஆட்டாவிட்டால் வாளி தரையில் கவிழும். யாருக்கும் தயவு கிடையாது. போலந்திலிருந்து பதினாறு வருஷமாக வருகிற ஹலீனா அவளுக்கு ஜெனரல் என்று பெயர் வைத்திருந்தாள். லோதர், தன் அப்பா போன பிறகு, கையடக்கமான ஒரு குழலை வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பு எவ்வளவு என்று எண் காட்டும். நல்ல சாமான்தான். ஆனால் அதற்கு இனிப்பு மட்டும்தான் தெரியும், கெட்டது தெரியாது. நான் இதை அவனிடம் சொன்னபோது என்னைக் கிழவன் என்றான்.

கொரோனா வந்த மறு வருஷம் நடந்தது இது. பதினோரு வருஷமாகப் பொறுக்குகிற அளவுக்குப் பூசணம் பிடிக்கவில்லை. சில வருஷம் வறட்சி, சில வருஷம் ஓயாத மழை. அந்த அக்டோபரில் ஆட்டுப்பாறையின் மேல் பகுதி முழுக்கப் பழம் சுருங்கிக் கிடந்தது. சனிக்கிழமை பெருமழை என்று ரேடியோ சொன்னது. எங்களுக்குப் புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாள்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் சின்ன வாளிகளை எடுக்க மேலே போனேன். ரோஸ்விதா ஒவ்வொன்றாக முகர்ந்து, தலையாட்டி, மூடி போட்ட வெள்ளைத் தொட்டியில் கொட்டச் சொன்னாள். கடைசியாக அவளுடைய வாளி. எல்லோருடையதையும் அவள் பார்ப்பாள். அவளுடையதை யார் பார்ப்பது? அதைக் கையில் தூக்கினேன். வினிகர் நெடி மூக்கில் குத்தியது.

முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"இதை மோந்து பாரு," என்று நீட்டினேன்.

மூக்கை வாளிக்குள்ளேயே விட்டு இழுத்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வாளியை வாங்கி, கல்சுவர் ஓரத்தில் கவிழ்த்தாள்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"மார்ச்லேருந்து. அந்தக் காய்ச்சலோட போச்சு. காபி வெறும் சுடுதண்ணி. சோப்பும் சீஸும் ஒண்ணுதான்."

"டாக்டர்கிட்ட?"

"போனேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னாரு. அதைச் சொல்றதுக்கு அவ்வளவு படிச்சிருக்க வேண்டாம்."

"அப்புறம் எந்த தைரியத்துல மேல வந்தே?"

"நாக்குல இனிப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. அது போதும்னு நெனைச்சேன்." கவிழ்ந்து கிடந்த பழங்களைப் பார்த்தாள். "போதல."

அந்தக் கோடையில் அவள் சுட்டுக்கொண்டு வந்த உருளைக்கிழங்கு அடை ஒரு பக்கம் கரிந்திருந்தது. சூப்பில்கூடக் கடுகு விழுது போட்டுத் தின்றாள். மேட்டுக்காரி சமையல் என்று நான் எல்லோருக்கும் முன்னால் கேலி செய்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளைத் தொட்டியை நான் முகர்ந்து பார்த்தேன். நல்லவேளை, அது சுத்தமாக இருந்தது. மற்றவர்களுக்கு மூக்கு இருந்ததே. அதற்குள் சரிவில் ஓடுகிற ஒற்றைத் தண்டவாள வண்டியில் லோதர் மேலே வந்துவிட்டான். சுவரோரத்தில் கொட்டிக் கிடந்ததைத்தான் முதலில் பார்த்தான்.

"யாரு இது?"

"நான்தான்," என்றேன். "கால் வழுக்கிடுச்சு."

வரிசை முழுவதும் கத்தரிச் சத்தம் நின்றுபோனது. ஹலீனா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷப் பெருமை ஒரு வாக்கியத்தில் போனது. அதைச் சொல்லும்போது பல்லைப் பிடுங்குகிற மாதிரி வலித்தது, பொய் சொல்லவில்லை.

"நீங்களா? வழுக்கிட்டீங்களா?" லோதர் சிரிக்கப் பார்த்தான்.

"அவன் வழுக்கல," என்றாள் ரோஸ்விதா. "அவன் செத்தாலும் வழுக்க மாட்டான். என் வாளி அது. வினிகர். எனக்கு மூக்கு போச்சு லோதர், ஏழு மாசமாச்சு. சொல்லியிருக்கணும். சொல்லல."

லோதர் கெட்டவன் இல்லை. சின்னப் பையனாக இருந்தபோது அவள் முழங்காலில் உட்கார்ந்து பழம் தின்றவன். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "பதினோரு வருஷம் காத்திருக்கேன், ரோஸ்விதா. ஒரு வாளி தப்பா போனா மொத்தமும் போச்சு. இதை நீங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க. நாளைக்கு ஹலீனா பார்க்கட்டும். நீங்க கீழ இருங்க. சூப் வெக்க ஆள் வேணும்."

"மூக்கில்லாதவளை சூப் வெக்கச் சொல்றியா? எல்லாருக்கும் வயித்தால போகும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல ஏழரைக்கு மேல வருவேன்," என்றாள். "பத்துப் பழம் எடுத்து வை. நல்லது, கெட்டது, உன் இஷ்டம். ஒண்ணே ஒண்ணு தப்பினாலும் நானே இறங்கிப் போயிடுறேன். யாரும் சொல்ல வேண்டாம்."

"ரோஸ்விதா..."

"பத்து," என்று சொல்லிவிட்டு, பெரிய வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். கணவன் நோர்பெர்ட் சரக்குப்படகில் ரோட்டர்டாம் பக்கம் போயிருந்தான். சுவரோரத்தில் கொட்டியதில் ஒரு கிண்ணம், நல்லதில் ஒரு கிண்ணம், இரண்டையும் நான் கொண்டுவந்திருந்தேன். நான் ஒவ்வொன்றாகப் பிளந்து முகர்ந்து எடுத்துக் கொடுப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்பாள், சொல்வாள். முதல் பத்தில் ஐந்து சரி.

"காசைச் சுண்டிப்போட்டாலே அஞ்சு வரும்," என்றேன். என் வாய் அப்படி.

"அடுத்த பத்து எடு."

ஆறு. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். மறுபடி ஐந்து. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"விட்டுடேன்," என்றேன். "ஹலீனா நல்லாத்தான் பார்ப்பா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"தெரியும். அதான் பிரச்சினை. எல்லாரும் பாவம்னு சொல்லுவீங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நோர்பெர்ட் பொண்டாட்டி, மேட்டுக்காரி, ஜெனரல், எல்லாம் நீங்க வெச்ச பேரு. இந்த ஊருக்கு நான் கையில கொண்டுவந்தது ஒண்ணே ஒண்ணுதான், ஆல்வின். எடு அடுத்த பத்தை."

எடுத்தேன். அன்றைக்கு முழுக்க வடக்குக் காற்று அடித்திருந்தது. அவளுடைய கீழ் உதடு நடுவில் வெடித்திருந்தது. நான்காவது பழத்தைக் கடித்தபோது சாறு உதட்டில் வழிந்தது. ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"இது கெட்டது."

"ஆமா."

"அடுத்தது குடு. வேண்டாம், நீயே பிளந்து உதட்டுல வை."

வைத்தேன். சுருக்கென்று ஒரு குத்து, உடனே போய்விட்டது என்றாள். நல்லது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்தது வைத்தபோது எரிச்சல் போகாமல் நின்று எரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கெட்டது," என்றாள், சிரித்துக்கொண்டே. பத்தில் எட்டு. அடுத்த பத்தில் ஒன்பது. கிண்ணம் காலியாகிற வரை விடவில்லை. நான் கிளம்பும்போது உதடு வீங்கி வெளியே தொங்கியது. இனி போதும் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கிற ஜாதியா அவள்?

மறுநாள் காலையில் சரிவில் ஏறும்போது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். கீழே குனிந்து ஒரு சிலேட்டுச் சில்லை எடுத்து, இரவில் ஆறத் தொடங்கியிருந்த வெடிப்பை அதன் முனையால் கீறித் திறந்தாள். நான் ஆற்றைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

லோதர் கவிழ்த்த வாளியின் மேல் ஒரு பலகை போட்டு, பத்துப் பழங்களை வரிசையாக வைத்திருந்தான். எல்லோரும் சுற்றி நின்றோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள், கடித்தாள், உதட்டில் வைத்துக் காத்திருந்தாள். நல்லது. நல்லது. கெட்டது. நல்லது. லோதர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்பது முடிந்தது, ஒன்பதும் சரி. ஹலீனா தன் மொழியில் ஏதோ ஜெபம் முணுமுணுத்தாள்.

பத்தாவது பழம் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரே சீராகச் சுருங்கி, பொன்னும் ஊதாவும் கலந்த நிறம். ரோஸ்விதா அதை உதட்டில் வைத்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"கெட்டது," என்றாள்.

லோதர் காகிதத்தை மடித்தான். அவன் முகத்தில் வருத்தம்தான் இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "இது நானே பறிச்சது ரோஸ்விதா. அந்தக் குலையைக் குழல்ல பார்த்தேன். நூத்தி எண்பது காட்டுச்சு. இந்தச் சரிவுலயே அதுதான் ஒசத்தி."

"இனிப்பு இல்லன்னு நான் சொல்லலையே. எரியுது."

"தப்பாப் போயிடுச்சு. நீங்கதான் சொன்னீங்க, ஒண்ணு தப்பினா..."

"குலை எங்க?"

லோதர் அதைத் தன் சின்ன வாளியில் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். ஹலீனா எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நெற்றி சுருங்கியது. கட்டைவிரலை நடுவில் விட்டுக் குலையை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே பழங்கள் நசுங்கி ஈரமாகப் பழுத்து ஒழுகிக் கிடந்தன. வினிகர் ஈக்கள் நாலைந்து எழும்பிப் பறந்தன. நெடி எனக்கு இரண்டடி தள்ளியே வந்தது.

லோதர் குலையை வாங்கி முகர்ந்தான். பிறகு கொடிகளுக்கு மேலாகத் தூக்கி எறிந்தான்.

"பத்துக்குப் பத்து," என்றான். "எனக்கு ஒம்போது." குழலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். "வாளியை எடுங்க. மழை நமக்காக நிக்காது."

"ஜெனரல் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது," என்று ஹலீனா கத்தரியை எடுத்தாள்.

அந்த இரண்டு நாளும் ரோஸ்விதா வேலை பார்த்ததை நான் மறக்கமாட்டேன். குலையின் வெளிப்பக்கத்தில் பழம் எடுப்பதை விட்டுவிட்டாள். ஒவ்வொன்றிலும் நடுவில் விரலை விட்டு ஒன்று பிடுங்கி உதட்டில் வைப்பாள். எரிந்தால் குலை தரையில். மற்றவர்களின் வாளியில் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. உதடு ஆறப் பார்த்தால் சிலேட்டுச் சில்லு. மத்தியானம் எல்லோரும் ரொட்டியும் ஈரல் சாசேஜும் தின்றபோது அவள் ஆறிய சூப்பை உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தாள். உப்புப் பட்டால் தாங்காது. களிம்பு தடவுங்க என்று லோதர் கொண்டுவந்தான். "தடவினா இது மரத்துப்போகும், எடுத்துட்டுப் போடா," என்று விரட்டிவிட்டாள். என் மேல் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் காய்ச்சல் மேல் கோபம் வந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் லோதரின் தண்டவாள வண்டியைத் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குச் சற்று முன்னால் கடைசி வாளி வெள்ளைத் தொட்டியில் விழுந்தது. நான் சுமந்து இறங்கினேன். வழுக்கவில்லை. மறுநாள் காலை மழை கொட்டத் தொடங்கியபோது, சின்னப் பிழியும் எந்திரத்தின் அடியில் பழுப்புநிறச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது, கெட்டியாக, அவசரமே இல்லாமல். மொத்தம் நாற்பது லிட்டர்கூட இல்லை. நான் முகர்ந்தேன், லோதர் முகர்ந்தான், ஹலீனா முகர்ந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரோஸ்விதா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சாறு புளித்து அடங்கி ஒயினாகித் தெளிய இரண்டு வருஷம் ஆனது. லோதர் அதை அரை பாட்டில்களில் அடைத்தான். முதல் பாட்டிலை வீட்டில் திறக்கவில்லை. அறுவடையின் முதல் நாள் ஆட்டுப்பாறைக்கே கொண்டுவந்தான், சுண்டுவிரல் உயரக் கிளாஸ்களோடு. அன்றைக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் அசிங்கமான பழத்தைக் கொடுத்து, அவள் துப்பி, நாங்கள் சிரித்து முடித்த நேரம்.

ஆளுக்கு ஒரு மடக்கு. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. ஆப்ரிகாட் என்றான் லோதர். தேன், உலர்ந்த பேரிக்காய், என்றாள் ஹலீனா. புதிய பெண் ஆரஞ்சுத் தோல் என்றாள். ஒவ்வொருவரும் ஒன்று சொல்லச் சொல்ல, நான் ரோஸ்விதாவின் பக்கம் பார்க்காமல் இருந்தேன். இவ்வளவையும் உண்டாக்கியவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. மூக்கு திரும்பி வரவேயில்லை. பேச்சை மாற்றலாமென்று நான் பார்த்தேன். அதற்குள் லோதர், நினைப்பில்லாமல், வழக்கப்படி அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

"நீங்க சொல்லுங்க ரோஸ்விதா. எப்படி இருக்கு?"

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சிவந்துவிட்டது.

அவள் கிளாஸை இன்னும் வாய்க்குக் கொண்டுபோயிருக்கவில்லை. அப்போதுதான் நான் அவள் உதட்டைப் பார்த்தேன். அது கோடைகால முடிவு, வெடிக்கிற காற்று எதுவும் இல்லை. நடுவில் பழைய தழும்பின் மேலேயே புதிதாக ஒரு கீறல் இருந்தது. வருகிற வழியில் சிலேட்டுச் சில்லைத் தேடியிருக்கிறாள்.

கிளாஸைச் சாய்த்து ஒயினை உதட்டில் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"சுருக்குன்னுச்சு," என்றாள். "போயிடுச்சு. எரியல."

பிறகு கண்ணைத் திறந்து, லோதரிடம் கிளாஸை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடு."